யாரைக் கேட்டு வெட்டினீங்க?

அத்தியாயம் 9

சனிக்கிழமை வரவே கூடாது என்று அந்த வாரம் முழுக்க மனசுக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தாள் இன்ஸ்பெக்டர். சனிக்கிழமை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கு அடுத்து, வழக்கம்போல வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் என்பது அண்ணன் வைத்த பெயர். மாத்திரை டப்பா, சக்கர நாற்காலியின் பிரேக், வெந்நீரின் சூடு, ஜன்னல் கொக்கி என்று அந்த வீட்டில் அவள் தொட்டுப் பார்த்துச் சோதிக்காத சாமானே கிடையாது. பதினெட்டு வயது. கல்லூரியில் சேர்ந்திருக்க வேண்டியவள், சேரவில்லை.

அம்மாவுக்குத் தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டே வரும் நோய். கால் போய், தோள் போய், இப்போது ஸ்பூனைப் பிடிக்கிற அளவுக்குத்தான் கையில் தெம்பு. குரல் மட்டும் அப்படியே இருந்தது. பஸ் கண்டக்டராக இருந்தவளின் குரல் அது. கடைசி சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவனையும் எழுப்பி இறக்கிவிட்ட குரல்.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் நடக்கிறது, விளையாட்டு உண்டு, பேச்சு உண்டு, நீச்சல்குளத்துக்குக்கூடக் கூட்டிப்போவார்கள், அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க ஒரு ஆளையும் அவர்களே அனுப்புவார்கள் என்று போன வாரம் வந்து சொன்னவன் அண்ணன்தான். லிஃப்ட் மெக்கானிக். சொன்னதோடு நிற்கவில்லை. "பேர் கொடுத்தாச்சு. சனிக்கிழமை ரெடியா இரு" என்று முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து அவனோடு அவள் பேசவில்லை. அவன் தட்டை மட்டும் மேஜைமேல் டொக்கென்று வைப்பாள். அதுதான் பேச்சு.

மத்தியானம் மணி அடித்தது.

கதவைத் திறந்தால், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். ஆம்பிளைப்பிள்ளை மாதிரி வெட்டிவிட்ட நரைமுடி, காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் துணிப்பை.

"நீதானே அந்தப் பொண்ணு? உள்ள வரலாமா?"

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

"நோயாளியைத் தூக்கும்போது வழுக்காம இருக்கத்தான் இதைப் போட்டிருக்கேன்."

"தூக்க வேண்டியதே வராது. அதுக்குள்ள நான் வந்துடுவேன்."

வந்தவள் ஷூவைக் கழற்றவில்லை. கால்மிதியில் இரண்டு தேய் தேய்த்துவிட்டு உள்ளே போனாள். இன்ஸ்பெக்டருக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது.

"யாரு, ஸ்பேர் டயரா?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாங்க வாங்க. முன்பக்கம் எடம் இருக்கு, முன்னாடி வாங்க!"

வந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை.

"தண்ணி ஸ்ட்ரா போட்டுத்தான் குடுக்கணும். ஒரேயடியா உறிஞ்ச விடாதீங்க, பொரை ஏறும். ஃபேனை ரெண்டுல வைங்க. டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லுவாங்க, கூட்டாதீங்க. இடது கை மரத்துப்போகும், அப்பப்ப எடுத்துத் தலையணைமேல வைக்கணும். தலையைத் தொடாதீங்க, நான் வந்து சீவிக்கறேன். பிஸ்கட் கேட்டா டீயில நனைச்சு..."

"கண்ணு," என்று குறுக்கிட்டாள் வந்தவள், "உங்க அம்மாவுக்கு வாய் இருக்கு இல்ல? நான் அவங்களையே கேட்டுக்கறேன்."

"அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களைவிட எனக்குத் தெரியும்."

"அது சரி," என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

அந்த 'அது சரி' இன்ஸ்பெக்டரோடு படியிறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, சலவைக்கடையைத் தாண்டி, நூலகம் வரைக்கும் கூடவே வந்தது.

*

நூலக மாடியில் நீளமான அறை. நடுவே ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, அதன் வலை நடுவில் தொய்ந்திருந்தது. மூலையில் டீ கெட்டில், பிஸ்கட் டின், அட்டைப்பெட்டிகளில் விளையாட்டுச் சாமான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சுவரோரமாக மெத்தைத் திண்டில் ஒரு சின்னப் பெண் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் 'கோச்' என்று கூப்பிட்ட ஒருவர் வந்தார். தாடி, கழுத்தில் விசில்.

"வாம்மா. இங்க எதுவும் கட்டாயம் இல்ல. உனக்கு எது பிடிக்குதோ அதைப் பண்ணு."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"அது ஒண்ணுதான் கொஞ்சம் கஷ்டம். நேரத்துக்கு முன்னாடி போனா உங்க வீட்ல இருக்கற எங்க ஆள் திருப்பி அனுப்பிடுவாங்க."

"என் வீட்லேர்ந்து என்னையா?"

"ம்," என்று சொல்லிவிட்டு அவர் கெட்டிலைப் பார்க்கப் போய்விட்டார். சண்டைக்கு ஆள் நிற்காமல் போனால் வருகிற எரிச்சல் தனி எரிச்சல். அதோடு அவள் கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அந்தப் பெண் எடுத்தாள். பின்னால் டிவி அலறியது. அம்மா என்னவோ சொல்லிக் கெக்கலித்தாள்.

"அம்மா நல்லா இருக்காங்க. கை வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்," என்று போனை வைத்துவிட்டாள் அவள்.

டிவி சத்தத்தைக் கூட்டியாயிற்று. இன்னும் என்னென்ன ஆயிற்றோ!

"ஆடறியா?"

எதிரே ஒருத்தன் மட்டையை நீட்டிக்கொண்டு நின்றான். அவள் வயசுதான் இருக்கும். உதட்டுக்குமேல் பென்சிலால் கோடு போட்டதுபோல் மீசை. அந்த அறையில் அவன் பெயரே மீசைதான்.

"எனக்கு ஆடத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க எவனும் இந்த வலையோட ஆடமாட்டான்."

வேண்டாவெறுப்பாக எழுந்தாள். முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவது அலமாரிக்குப் பின்னால் போனது. மூன்றாவதை வீட்டுக்கு வந்த ஸ்பேர் டயராக நினைத்து அடித்தாள். அது மீசையின் நெற்றியில் பட்டுத் தெறித்தது.

"யம்மா!" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "யார்மேல கோபம்?"

"உன்மேலதான். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சிட்டே இருக்கீங்க. வீட்ல ஆளை விட்டுட்டு வந்து எப்படிச் சிரிக்க முடியுது?"

"மெதுவாப் பேசு. அவ எழுந்துடுவா." திண்டில் தூங்குகிற பெண்ணைக் காட்டினான். "ரெண்டு தங்கச்சிங்களையும் அவங்க அம்மாவையும் அவதான் பார்த்துக்கறா. இங்க வந்ததும் தூங்கிடுவா. அவளுக்கு அதுதான் விளையாட்டு. எழுப்பினா கோச் தொலைச்சிடுவார்."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினாள். கோபத்தைத் தாழ்த்தவில்லை. "உன் வீட்ல யாரு?"

"அப்பா. நினைவு போயிடுச்சு. தினமும் காலையில என்னைப் பார்த்து, யாருடா நீ, எப்படி உள்ள வந்தேன்னு செருப்பைத் தூக்கிட்டு வருவார். பழகிப்போச்சு. இப்பல்லாம் செருப்பை நானே மறைச்சு வச்சிடறேன்."

இன்ஸ்பெக்டர் பந்தைப் போட்டாள்.

"முதல் தடவை இங்க வந்தப்ப நான் பாதியில ஓடிட்டேன்," என்றான் மீசை, பந்தைத் திருப்பி அடித்தபடி. "போய்ப் பார்த்தா அப்பா, இவங்க அனுப்பின ஆளோட உட்கார்ந்து சீட்டாடிட்டு இருக்கார். ஜெயிச்சிட்டு வேற இருக்கார். எனக்கு வந்த ஆத்திரத்துல சீட்டையெல்லாம் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"என்கூட ஒரு நாளும் ஆடினதில்ல."

"சீ. உடம்பு சரியில்லாத மனுஷன் சந்தோஷமா இருந்தா உனக்குப் பொறுக்கலையா? கேவலமா இருக்கு."

"ஆமா, கேவலம்தான்," என்று ஒத்துக்கொண்டான் மீசை. "போடு பந்தை."

ஆடினார்கள். வலையை ஒரு புறம் இழுத்துக் கட்டினால் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது. அப்புறம் பந்து ஓடத் தொடங்கியது. தரையில் உருண்டு, நாற்காலிக்கடியில் நுழைந்து, மூச்சிரைக்க எடுத்துவந்து, இன்னொன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டேயிருந்தது. முன்னால் விழுந்த முடியை ஒதுக்கக்கூட நேரமில்லை. ஒரு பந்தை மூலையில் இறக்கியபோது, "அடிச்சேன் பார்!" என்று அவள் கத்தியே விட்டாள். திண்டில் கிடந்த சின்னப் பெண் புரண்டு படுத்தாள். கோச் உதட்டில் விரலை வைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எவ்வளவு நேரமாக அம்மா ஞாபகமே வரவில்லை?

முகத்தில் யாரோ வெந்நீரை விசிறியதுபோல் இருந்தது. மட்டையை மேஜையில் எறிந்தாள். "இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? இதுக்குத்தானே?" என்று மீசையைப் பார்த்துக் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள்.

*

வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்துத் திருப்பிய சக்கர நாற்காலியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குமேல் முடி நின்றுவிட்ட, அவளுக்குத் தெரியாத ஒருத்தி.

தரையில் விரித்த செய்தித்தாளில், சுருட்டி வைத்ததுபோல் அம்மாவின் பின்னல் கிடந்தது.

ஸ்பேர் டயர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் சேர்ந்து வந்தது.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"இவங்களைக் கேட்டுத்தான்."

"தலையைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போனேனா இல்லையா? காது கேக்காதா உங்களுக்கு? வீட்டைப் பார்த்துக்கங்கன்னு விட்டுட்டுப் போனா, கையில கிடைச்சதையெல்லாம் வெட்டிப் போடுவீங்களா?"

"நீ சொன்னது கேட்டுச்சு கண்ணு. ஆனா தலை உன்னுது இல்லையே."

"வெளிய போங்க."

"ஏய்!" அம்மாவின் குரல். கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். "நாற்காலியைத் திருப்பு. முதுகைப் பார்த்துப் பேசற பழக்கம் எனக்கு இல்ல."

திருப்ப மாட்டேன் என்று நின்றாள் இன்ஸ்பெக்டர். ஸ்பேர் டயர்தான் திருப்பிவிட்டாள். பிறகு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேங்க. கழுத்துல ஒட்டின முடியைத் தட்டிவிட்டுட்டேன், அரிச்சா ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க," என்று அம்மாவிடம் சொன்னாள். வாசலில் ஒரு நிமிஷம் தயங்கினாள். இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தாள். எதையோ விழுங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"அசிங்கமா இருக்கு."

"இருக்கட்டும். நான் என்ன, கண்ணாடி முன்னாடியா உட்கார்ந்திருக்கேன்?"

"எதுக்கும்மா இப்படிப் பண்ணினே?"

"ஒரு வருஷமாக் கேட்டேன்டி. கொண்டை போட்டா தலை பின்னால சாய மாட்டேங்குது, கழுத்து முன்னால தொங்குதுன்னு சொன்னேன். பின்னல் போட்டா முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுத் தலையைப் பிடிச்சு இழுக்குதுன்னு சொன்னேன். தலைக்கு ஊத்தினா காய்றதுக்குள்ள குளிர் ஏறுதுன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொன்னே? 'பார்க்கலாம்மா'ன்னே. இன்னிக்கு வந்தவகிட்ட ஒரே தடவைதான் சொன்னேன். கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு கேட்டா."

அம்மாவின் தலை நாற்காலியின் சாய்மானத்தில் நேராகப் பதிந்திருந்ததை இன்ஸ்பெக்டர் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையில் தலை சீவும்போதுதான் அம்மா பஸ் கதையெல்லாம் சொல்வாள். சில்லறைக்குச் சண்டை போட்டவர்கள், குழந்தையை சீட்டில் மறந்து இறங்கியவர்கள், ஓடும் பஸ்ஸில் காதலைச் சொன்னவர்கள். அவள் பின்னால் நிற்பாள், அம்மா முன்னால் இருப்பாள். முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு வசதி இருந்தது. மாத்திரை, டயபர், படுக்கைப் புண் எதுவும் கிட்டே வராத நேரம் அது ஒன்றுதான். அதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"அது ஒண்ணுதானே எனக்கு இருந்தது," என்று மட்டும் சொன்னாள்.

"எது?"

"தலை சீவறது."

அம்மா அவளையே பார்த்தாள். ஒரு கணம் முகம் இளகியதுபோல் இருந்தது. பிறகு இறுகிவிட்டது.

"உனக்கு அது கதை கேக்கற நேரம். எனக்குக் கழுத்து வலிக்கிற நேரம். வலி தெரியாம இருக்கத்தான் கதையே சொன்னேன்."

இதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

*

அண்ணன் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தான். சட்டையில் கிரீஸ் வாடை, கையில் டூல் பை. அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய், "அட! என்னம்மா, காலேஜ் போற பொண்ணு கணக்கா இருக்கே!" என்றான்.

அந்த வீட்டில் அன்றைக்குச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது காலேஜ்தான்.

"எல்லாம் உன்னால வந்தது!" வாரம் முழுக்கப் பூட்டி வைத்திருந்த வாயை இன்ஸ்பெக்டர் திறந்தாள். "உன்னை யாரு எனக்குப் பேர் கொடுக்கச் சொன்னது? நான் கேட்டேனா? ஊருக்கெல்லாம் லிஃப்டை ஏத்தி இறக்கத் தெரியும், வீட்ல அம்மாவை ஒரு தடவை கட்டில்ல ஏத்த வராது. பெருசா என்மேல அக்கறை!"

அண்ணன் டூல் பையைக் கீழே வைத்தான். அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லுடா," என்றாள் அம்மா. "எத்தனை நாளைக்கு நீ திட்டு வாங்குவே?"

"பேர் கொடுத்தது நான் இல்ல," என்றான் அண்ணன். "நம்பரைப் போட்டு போனைக் காதுல வச்சேன். அவ்வளவுதான். பேசினது அம்மா."

ஓடுகிற டிவியில் யாரோ கைதட்டினார்கள். அண்ணன் போய் அதை அணைத்தான்.

"நீயா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நான்தான். உனக்காகப் பண்ணினேன்னு நெனச்சு உருகிடாதே. எனக்காகப் பண்ணினேன். வாரத்துல ஒரு மத்தியானம் எனக்கு உன்கிட்டேர்ந்து லீவு வேணும்."

"நான் என்னம்மா பண்ணினேன் உனக்கு?"

"எல்லாம் பண்ணினே. அதுதான் என் கஷ்டம். தும்மினா ஜன்னலைச் சாத்தறே. சிரிச்சா பொரை ஏறும்னு தண்ணியைத் தூக்கிட்டு வர்றே. ரெண்டு வார்த்தை கோபமாப் பேசினா, மாத்திரை நேரம் தவறிடுச்சான்னு கடிகாரத்தைப் பார்க்கறே. எனக்குக் கோபம் வந்தா அது கோபம்தாண்டி. வியாதி இல்ல."

"உனக்காக நான் காலேஜ் போகல."

"நான் போகாதேன்னு சொன்னேனா?"

"நீ எதுக்குச் சொல்லணும்? நான் போனா உன்னை யாரு தூக்குவா, யாரு கழுவுவா?"

"அதை ஒரு நாளாவது வாயைத் திறந்து கேட்டியா? இவன் செய்வானான்னு கேட்டியா? வெளி ஆள் வருவாங்களான்னு விசாரிச்சியா? கேக்கல. கேட்டா, முடியும்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு உனக்குப் பயம்."

"அம்மா, போதும்," என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருடா. உனக்கும் இருக்கு. இவ செய்வா, இவ செய்வான்னு ரெண்டு வருஷமா ஷிஃப்ட்டைக் காட்டித் தப்பிச்சவன் நீ."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அழுதுவிடுவோமோ என்று இன்ஸ்பெக்டருக்குப் பயமாக இருந்தது. அழக்கூடாது. இந்த ரெண்டு பேர் முன்னால் கூடவே கூடாது.

"சரி," என்றாள். "ரொம்ப நல்லதாப் போச்சு. இன்னிக்கு நான் லீவு. இவனே சாப்பாடு கொடுக்கட்டும், இவனே உடம்பு துடைக்கட்டும், இவனே கட்டில்ல போடட்டும். என்னைக் கூப்பிடாதீங்க."

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய சத்தத்தில் அலமாரியிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

*

வெளியே இருட்டத் தொடங்கியது. சமையலறையில் விளக்கைப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அந்தப்புறம் நடப்பது எல்லாம் காதில் விழுந்தது. விழக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே காதைக் கூர்மையாக்கினாள்.

ஸ்பூன் கிண்ணத்தில் இடித்தது. அம்மா இருமினாள். இன்ஸ்பெக்டரின் கை தானாக டம்ளரைத் தேடியது. டம்ளரை எடுத்தவள், அதைத் திரும்ப வைத்தாள். இருமல் நின்றது.

அப்புறம் சக்கரம் உருண்டது. கட்டில் பக்கம் கொண்டுபோகிறான். கால்தாங்கியை விலக்கினானா? விலக்கிய சத்தமே வரவில்லையே.

"டேய், காலை எங்கடா வச்சிருக்கே? தாங்கி மேலயா? முதல்ல அதை மடக்கு!"

மடக்கினான்.

"இடுப்புல தூக்கற பெல்ட்டைக் கட்டு. இன்னும் இறுக்கு. நான் உடைஞ்சுட மாட்டேன். ம், என் முட்டிக்கு உன் முட்டியை முட்டுக் கொடு. நான் முன்னும் பின்னும் ரெண்டு ஆட்டம் ஆடுவேன், மூணாவதுல தூக்கு. ஒண்ணு..."

பிரேக்! பிரேக் போட்ட சத்தம் வரவில்லை! இன்ஸ்பெக்டர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். "பிரேக்" என்று கத்தினால் போதும்.

"பிரேக்கைப் போடுடா மடையா!" அம்மாவே கத்தினாள். "வண்டி நகருது பார்! எனக்கு வாய்ச்ச டிரைவர்ங்க எல்லாம் இப்படித்தான்!"

டக். ஒரு பக்கம். டக். மறுபக்கம்.

கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். இந்த ரெண்டு வருஷத்தில் அம்மாவை எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறாள், முதுகு விண்விண்ணென்று தெறிக்கத் தூக்கியிருக்கிறாள். அதெல்லாம் இவ்வளவு கனக்கவில்லை.

"ஒண்ணு... ரெண்டு... தூக்கு!"

கட்டில் கிரீச்சிட்டது. யாரோ மூச்சை விட்டார்கள். அண்ணன்தான்.

"கோணலாக் கிடக்கறேன்," என்றாள் அம்மா. "ஆனா கட்டில்லதான் கிடக்கறேன். பரவால்லடா. நாளைக்கு இதைவிட நேராப் போடு."

அண்ணன் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாதீங்க என்று சொன்னவளே அவள்தான், இருந்தாலும் கூப்பிடாதது வலித்தது.

அப்போது அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான்தான் கண்ணு. மத்தியானம் வந்தேனே." ஸ்பேர் டயர். "வச்சிடாதே, ஒரு நிமிஷம் கேளு."

"மன்னிப்புக் கேக்கறதுன்னா எங்க அம்மாகிட்டக் கேளுங்க."

"முடிக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? அது வேற. இது வேற." அந்தப்புறம் தயக்கம் தெரிந்தது. "அங்கேயே சொல்லணும்னுதான் நின்னேன். நீ இருந்த கோபத்துல சொல்ல வாய் வரல. இப்பவும் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. உங்க அம்மா கேட்டதை வெளிய சொல்றது தப்புதான். ஆனா மனசு கேக்கல."

"என்ன கேட்டாங்க?"

"நான் வாரத்துல மூணு நாள் ஒரு இல்லத்துல வேலை பார்க்கறேன். உங்க அம்மா மாதிரி நாற்காலியில இருக்கறவங்க நிரந்தரமாத் தங்கற எடம். அங்க எடம் காலியாகுமா, எப்ப காலியாகும்னு விசாரிக்கச் சொன்னாங்க. யாருக்குன்னு கேட்டேன். எனக்குத்தான்னாங்க. பிள்ளைங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். முடியை இன்னும் கொஞ்சம் குட்டையா வெட்டுங்கன்னு பேச்சை மாத்திட்டாங்க."

இன்ஸ்பெக்டர் சாத்திய கதவைப் பார்த்தாள்.

"கண்ணு, இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் விசாரிக்கட்டுமா, வேண்டாமா?"

போனை வைத்தாள். கதவைத் திறந்தாள்.

அம்மா கட்டிலில் கோணலாகத்தான் கிடந்தாள். வெட்டிய முடி தலையணையில் சிலிர்த்து நின்றது. அண்ணன் போர்வையை இழுத்துக் கால்வரை மூடிக்கொண்டிருந்தான், ஒரு வேலையைச் சரியாகச் செய்துமுடித்தவனின் பெருமையோடு.

"என்ன இன்ஸ்பெக்டர், சோதனைக்கு வந்தியா?" என்றான். "பிரேக் எல்லாம் போட்டாச்சு."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"எங்கம்மா போகப் போறே?"

எந்தக் கேள்விக்கும் வாயில் பதில் தயாராக வைத்திருப்பவள், பஸ் நிறையப் பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஒவ்வொருவனுக்கும் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்தவள், பேசாமல் கிடந்தாள். பிறகு, கழுத்து எவ்வளவு தூரம் திரும்புமோ அவ்வளவு தூரம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போறதா?" அண்ணனின் கை போர்வையில் அப்படியே நின்றது. "யாரு போறது? எங்க?"

இவனுக்கும் தெரியாது. இன்ஸ்பெக்டருக்கு அது உடனே புரிந்தது.

காலியாகக் கிடந்த சக்கர நாற்காலியின் பிரேக்கை விடுவித்தாள். அதைத் தள்ளிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே, அம்மாவின் முகத்துக்கு நேர் எதிரே நிறுத்தினாள். அதில் தானே உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா," என்றாள். "இன்னிக்கு நான் லீவு. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து கேப்பேன்."